கோத்தகிரித் தோட்டத்தில் பவர் சா, மரம் ஏறும் கயிறு: சில வருட அனுபவம்

தேயிலைக்கு நடுவே நிற்கும் நிழல் மரத்தைக் கழிக்க ஆள் கிடைப்பது எங்கள் பக்கம் வருடத்துக்கு வருடம் கஷ்டமாகிறது. கிடைக்கிற ஆளும் இடுப்பில் ஒரு கயிறு, கையில் வீச்சரிவாள், வெறுங்கால் என்று அறுபதடி சில்வர் ஓக்கில் ஏறுகிறார். தலையில் ஒரு ஹெல்மெட் கிடையாது. கீழே நின்று அதைப் பார்த்துக்கொண்டிருக்க எனக்கு மனசு கேட்கவில்லை. ஹார்னஸ் (உடம்பைத் தாங்கும் வார்க்கட்டு), கயிறு, பவர் சா (செயின் சுற்றி மரம் அறுக்கும் மெஷின்) எல்லாம் வாங்கி, தெரிந்தவர்களிடம் முறையாகப் பழகி, எங்கள் தோட்டத்து மரங்களை இப்போது நானும் சித்தப்பா மகனும் சேர்ந்துதான் பார்த்துக்கொள்கிறோம். இத்தனை நாள் புழங்கியதில் எது உழைத்தது, எது கவனம் கேட்கிறது என்று எழுதுகிறேன்.

முதலில் மெஷின். 32 சிசி, 16 அங்குல பார் (செயின் சுற்றி ஓடும் நீளமான தகடு). கீழே அறுக்க இது தாராளம். மரத்தின் மேலே வேலை செய்ய, மேல்பக்கம் கைப்பிடி உள்ள சின்ன மெஷின் தனியாக வைத்திருக்கிறோம். கைக்கு அடக்கமாக இருக்கிறதே என்று அதைத் தரையில் ஒற்றைக் கையால் பிடித்து அறுப்பதை நிறையப் பேரிடம் பார்க்கிறேன். தயவுசெய்து வேண்டாம். பாரின் நுனியில் மேல்பாதி மரத்தில் பட்டால் மெஷின் முகத்தை நோக்கித் துள்ளும். கண் இமைக்கிற நேரம்கூடக் கிடைக்காது.

மலையில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியது கார்புரேட்டர். 6,000 அடியில் காற்றழுத்தம் சமவெளியைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கோயம்புத்தூரில் செட் செய்த மெஷின் இங்கே வந்ததும் பெட்ரோலை அதிகம் குடிக்கும், புகை கக்கும், பிளக் கறுத்துவிடும். இங்கேயே ஒரு மெக்கானிக்கிடம் கொடுத்துச் சரிசெய்த பிறகுதான் எங்கள் மெஷினுக்கு முழு வேகம் வந்தது. அதே மெஷினை மேட்டுப்பாளையத்துக்கு எடுத்துப்போய் அப்படியே ஓட்டினால் பெட்ரோல் போதாமல் சூடேறிப் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும், அதையும் நினைவில் வையுங்கள்.

பெட்ரோல் விஷயமும் அப்படித்தான். இப்போது பங்கில் கிடைப்பதில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும், நம் ஊரிலோ பாதி வருடம் பனிமூட்டம். லிட்டருக்கு 20 மில்லி டூ-டி ஆயில் என்று அன்றைக்குத் தேவையானதை மட்டும் கலக்குகிறேன். வேலை முடிந்ததும் டேங்கைக் காலி செய்து, தானாக அணையும் வரை ஓடவிட்டுத்தான் உள்ளே வைப்பது. இந்தப் பழக்கம் வந்த பிறகு கார்புரேட்டரைப் பிரிக்க வேண்டிய தேவையே வரவில்லை.

செயினுக்கு 4 மில்லிமீட்டர் உருட்டு அரம். ஒவ்வொரு முறை பெட்ரோல் ஊற்றும்போதும் பல்லுக்கு இரண்டு இழுப்பு, முன்னோக்கி மட்டும். கீழே விழுவதைப் பார்த்தாலே தெரியும்: சீவல் சீவலாக விழுந்தால் கூர் இருக்கிறது, மாவாகக் கொட்டினால் மழுங்கிவிட்டது. மழுங்கிய செயினோடு மரத்தின் மேல் நின்று மெஷினை அழுத்துவதுதான் எனக்கு மிகவும் பயமான விஷயம். சில்வர் ஓக் தூள் பட்டால் சிலருக்குத் தோல் தடித்து அரிக்கும், முழுக்கைச் சட்டை அவசியம்.

இனி கயிறும் ஹார்னஸும். என் கணக்கில் மெஷினைவிட இவைதான் பெரிது. அதிகம் இழுபடாத, மரம் ஏறுவதற்கென்றே செய்த 12 மில்லிமீட்டர் அளவுக் கயிறு. கடையில் கிடைக்கும் நைலான் கயிறு இதற்கு மாற்றாகாது. ஈரம் பிடித்தால் லேசில் காயாத ஊர் இது. நனைந்த கயிறை வெயிலில் போடக் கூடாது, அடுப்பங்கரைச் சூட்டிலும் தொங்கவிடக் கூடாது. பரணில் காற்றோட்டமாகப் பரப்பிக் காயவைக்கிறோம். ஏறுவதற்கு முன் முழுக் கயிறையும் விரல்களுக்கு நடுவே விட்டு உருவிப் பார்ப்பேன். உள்ளே மெத்தென்று பள்ளம் தட்டினாலோ, மேலுறை நூல் பிரிந்தாலோ, பெட்ரோல் வாசம் வந்தாலோ அந்தக் கயிறுக்கு ஓய்வுதான். ஓய்வு கொடுத்ததைத் துண்டு துண்டாக வெட்டிவிடுவோம். முழுசாகக் கிடந்தால் யாராவது எடுத்துக்கொண்டு ஏறிவிடுவார்கள்.

மேலே மெஷினை ஸ்டார்ட் செய்வதற்கு முன் எப்போதும் இரண்டு கட்டு. ஒன்று ஏறும் கயிறு. இன்னொன்று நடுவில் எஃகுக் கம்பி ஓடும் இடுப்புக் கயிறு. எஃகு இருந்தாலும் செயின் அறுத்துவிடும், ஆனால் கொஞ்சம் நேரம் கிடைக்கும். சில்வர் ஓக் கிளை சட்டென்று முறியும், அதை நம்பிக் கட்டவே கூடாது. நடுத்தண்டைச் சுற்றித்தான் கட்ட வேண்டும். காலில் மாட்டும் முள்ளாணியை அடியோடு வெட்டப்போகிற மரத்துக்கு மட்டும் எடுக்கிறோம். கழித்து வளர்க்கிற மரத்தில் அது போடும் ஓட்டை வழியாக நோய் ஏறும்.

கீழே நிற்பவரைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. மேலே இருப்பவர் அடிபட்டு ஹார்னஸில் அசையாமல் தொங்கினால் சில நிமிடங்களிலேயே உயிருக்கு ஆபத்து. ஃபயர் சர்வீஸ் மலைப்பாதையில் வந்து சேரும் வரை காத்திருக்க முடியாது. அதனால் கயிறை உச்சியில் நடுத்தண்டைச் சுற்றி, உறுதியான கவட்டையில் போட்டு, மறுமுனையை அடிமரத்தில் இறக்கும் கருவியோடு கட்டுகிறோம். தம்பி தரையில் நின்றபடியே என்னை இறக்கிவிடலாம். இப்படிக் கட்டினால் கவட்டையில் விழும் பாரம் ஏறக்குறைய இரட்டிப்பாகும், அதற்குத் தகுந்த தடிமன் பார்க்க வேண்டும். அடியில் இருக்கும் கட்டுக்குப் பக்கத்தில் யாரும் மெஷின் பிடிக்கக் கூடாது. மெஷின் இல்லாத நாளிலும் இறக்கும் பயிற்சியைச் செய்து பார்க்கிறோம்.

எங்களிடம் எல்லாக் கருவியும் இருந்தும் தொடாத மரங்கள் உண்டு. பெரிய கற்பூர மரம் (யூகலிப்டஸ்) ஒன்று. உள்ளுக்குள் அவ்வளவு இழுவிசை வைத்திருக்கும். சாய்ந்த மரத்தைப் பின்னாலிருந்து அறுத்தால், பாதி அறுபடும்போதே நெடுக்காகப் பிளந்து, பிளந்த பாதி அறுப்பவரின் மார்பு உயரத்துக்குப் பின்னால் அடிக்கும். பட்டுப்போன சீகை (வாட்டில் மரம்) இன்னொன்று. வேர் உளுத்திருப்பது வெளியே தெரியாது. புயலில் விழுந்த மரமும் அப்படியே. 2019 ஆகஸ்டில் நீலகிரியின் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியதே, அப்படிப்பட்ட மழைக்குப் பிறகு வேரோடு சாய்ந்து கிடக்கும் மரத்தின் தண்டை அறுத்தால் வேர்மண் பாளம் திரும்ப எழுந்து நிற்கும். அந்தப் பள்ளத்தில் யாரும் நிற்கக் கூடாது. இவற்றுக்கெல்லாம் அனுபவமுள்ள ஆட்களையே கூப்பிடுகிறோம். எங்களுக்குப் பழக்கிய பெரியவர் சொல்வார்: "மரம் எந்தப் பக்கம் போக ஆசைப்படுதுன்னு பாருங்க தம்பி, அப்புறம் மெஷினை எடுங்க."

சொந்தத் தோட்டம் என்றாலும் இங்கே நினைத்தபடி மரம் வெட்ட முடியாது. 1955ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வேண்டும். வனத்துறையில் மனு கொடுத்து, அவர்கள் வந்து பார்த்த பிறகுதான் அடியில் கை வைக்கலாம். இந்தச் சட்டம் வேண்டும் என்றே நான் சொல்வேன், சரிவில் மண்ணைப் பிடித்து நிற்பது மரம்தான். கரண்ட் கம்பிக்குப் பக்கத்தில் என்றால் ஈ.பி.யில் சொல்லி லைனை நிறுத்தாமல் ஏணிகூடச் சாத்துவதில்லை.

வாங்க நினைப்பவர்கள் முதலில் ஹெல்மெட், காது மூடி, செயின் பட்டால் இழை வெளியே வந்து ஸ்ப்ராக்கெட்டில் (செயினை ஓட்டும் பல்சக்கரம்) சுற்றி மெஷினை நிறுத்தும் பேன்ட் மூன்றையும் வாங்குங்கள். அடுத்து ஹார்னஸும் கயிறும். கயிறு, ஹார்னஸ், கொக்கி எதையும் பழையதாக வாங்காதீர்கள், அது என்ன பட்டதென்று வெளியே தெரியாது. பவர் சா கடைசியில். அதைப் பழையதாக வாங்கினாலும் மெக்கானிக் தேற்றிவிடுவார்.