மாரியில் கதவுக்குத் தண்ணீர் எனாமல்: எடுக்கலாமா?

பொங்கலுக்கு வீடு பூசுகிற வழக்கம் மட்டக்களப்பில் பெயின்றுக்கு ஆகாத காலத்தில் வருகிறது. மார்கழி மழை, சாத்திய யன்னல், ஈரக்காற்று. இந்த நேரம் எண்ணெய் எனாமல் அடித்த அறையில் படுக்க முடியாது. ஆகவே ஹாட்வெயார் கடையில் "மணமில்லாதது" என்று தண்ணீர் எனாமலை, அதாவது தண்ணீரில் கலந்து அடிக்கும் எனாமல் பெயின்றை, எடுத்துத் தருகிறார்கள். மணம் குறைவு, உண்மைதான். ஆனால் மணம் நின்றதும் எல்லாம் வெளியேறிவிட்டது என்று எண்ணவேண்டாம்.

எண்ணெய் வகையில் கரைப்பானின் பெரும்பகுதி முதல் ஒன்றிரண்டு நாளிலேயே பறந்துவிடும். தடிப்பாக அடித்தால் மேலே தோல் கட்டி, மிச்சம் கீழே சிறைப்படும். தண்ணீர் வகையில் முதலில் போவது தண்ணீர். பிசின் துகள்களை இணைக்கச் சேர்த்த மெதுகரைப்பான் படலத்துக்குள் தங்கி, மெல்ல மேலே ஊர்ந்து வாரக்கணக்காகக் காற்றில் கலக்கும். அது எளிதில் ஆவியாகாத சாமான். மூக்குக்கு அவ்வளவாகத் தெரியாது. தகரத்துக்குள் பெயின்ற் பழுதாகாமல் சேர்க்கும் ஐசோதயசொலினோன் வகை மருந்தும் சுவரிலிருந்து அப்படித்தான் வெளிவரும். ஒவ்வாமை உள்ளவர்களுக்குத் தோல் சிவந்து கடிக்கும்.

மெதுகரைப்பான் உள்ளே கிடக்கும்வரை படலம் மெத்தென்றுதான் இருக்கும். இரவு சாத்திய கதவு நிலையோடு ஒட்டிக்கொள்ளும். காலையில் இழுத்தால் 'சர்' என்று பெயின்ற் உரிந்து, அடியில் பழைய நிறம் தெரியும். தகரத்தில் நாலு மணித்தியாலம் என்று போட்டிருந்தாலும், மாரியில் அடுத்த பூச்சுக்கு ஓர் இரவு விடுங்கள். மெல்லிய இரண்டு பூச்சு, தண்ணீர் பத்து வீதத்துக்கு மேல் வேண்டாம். ஒரு கிழமைக்குக் கதவை ஒருக்களித்தே வையுங்கள். நிலையில் படும் விளிம்பில் பவுடர் தடவலாம். வரண்ட கச்சான் காற்றுக் காலத்தில் இந்தப் பாடு இல்லை, தூசுதான் ஒட்டும்.

பழைய எண்ணெய் எனாமலின் பளபளப்பை 180 இலக்கச் சான்ட் பேப்பரால் எடுக்காவிட்டால் புதியது ஏடாகக் கழன்றுவிடும். இங்கேதான் பெரிய ஆபத்து. இலங்கையில் எனாமல் பெயின்றுக்கு ஈய எல்லை 600 பிபிஎம் (பத்து இலட்சத்தில் 600 பங்கு) என்று 2013இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்திய கதவில் எவ்வளவு ஈயம் இருக்கும் என்று பார்த்துச் சொல்ல முடியாது. சாதாரண சூட்டில் ஈயம் ஆவியாகாது, தூளாகத்தான் வெளிவரும். தவழும் பிள்ளையின் கைவழியே வாய்க்குப் போகும். ஆகவே நனைத்துத் தேயுங்கள், கீழே பொலித்தீன் விரியுங்கள், கூட்டாமல் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். வெப்பம் காட்டி உரிக்கவே கூடாது. தேய்த்த தண்ணீரையும் பிறஷ் கழுவிய தண்ணீரையும் கிணற்றடியில் ஊற்றாதீர்கள்; நம் மணலில் அது இறங்கக் கனநேரம் எடுக்காது.

தீர்ப்பு: படுக்கையறைக் கதவு, யன்னலுக்குத் தாராளமாக எடுக்கலாம். கடற்கரைப் பக்க இரும்புக் கேற்றுக்கு வேண்டாம். ஈரத்திலேயே துருக் கசிந்து மேலே வரும், அதற்கு ரெட் ஒக்சைட் என்ற துருத்தடுப்பு அடிப்பூச்சு அடித்து எண்ணெய் எனாமலே சரி. தகரத்தில் "மணமில்லாதது" என்பதை விட்டுவிட்டு, லீட்டருக்கு எத்தனை கிராம் விஓசி (காற்றில் ஆவியாகிக் கலக்கும் கரிமப் பொருள்) என்று பாருங்கள். ஐரோப்பாவில் 2010 முதல் கதவு யன்னல் பூச்சுக்குத் தண்ணீர் வகையில் எல்லை 130. இலக்கமே போடாத தகரமென்றால் அடுத்ததைக் கேளுங்கள்.