எட்டாயிரம் ஆர்.பி.எம். வரை போன டைனோ கிராஃப்: பெங்களூரில் சூப்பர்சார்ஜர் போடப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்

கராஜின் பெயரை இங்கே போடவில்லை. நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறேன், அது முடியும்வரை பெயரை எழுத வேண்டாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். பெயர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. எப்படி ஏமாற்றினார்கள் என்பது தெரிந்தால் போதும், எந்தக் கராஜிலும் நீங்கள் கண்டுபிடித்துவிடலாம்.

என் வண்டி 2009 ஹோண்டா சிவிக். 1.8 லிட்டர் ஆர்18 எஞ்சின், கம்பெனிக் கணக்கில் 130 ஹெச்.பி., கம்ப்ரஷன் (பிஸ்டன் உள்ளே இருப்பதை எத்தனை மடங்கு சுருக்குகிறது என்ற கணக்கு) 10.5-க்கு 1. செகண்ட் ஹேண்டாக வாங்கி எட்டு வருடம் பிள்ளையைப் போலப் பார்த்துக்கொண்டேன். பவர் கூட்ட வேண்டும் என்பது ரொம்ப நாள் ஆசை. இந்த எஞ்சினில் புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டோடு சேர்ந்தே வார்க்கப்பட்டிருக்கும், அதனால் புகையின் வேகத்தில் சுழலும் டர்போ போடுவது பெரிய வேலை. பெல்ட்டில் ஓடி, எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் சூப்பர்சார்ஜர்தான் வழி என்று முடிவு செய்தேன்.

கராஜ்காரர் கிருஷ்ணகிரிப் பக்கத்து ஆள். நல்ல தமிழில் பேசினார், டீ வாங்கிக் கொடுத்தார். நான் கேட்டது ஒரே கேள்வி: "அண்ணா, ஸ்டாக் எஞ்சின், உள்ள எதையும் மாத்தாம, எத்தனை ஹெச்.பி. வரைக்கும் தாங்கும்?"

"250 வரைக்கும் அசையாது தம்பி. நாம 200-லயே நிறுத்திடலாம். கண்ணை மூடிட்டு ஓட்டு."

அந்த ஒற்றை எண்ணை நம்பி 4,15,000 ரூபாய் கொடுத்தேன். பில்லில் இருந்தவை: செண்ட்ரிஃபியூகல் சூப்பர்சார்ஜர் கிட், 440 சி.சி. இன்ஜெக்டர் (நிமிடத்துக்கு அவ்வளவு பெட்ரோல் பீய்ச்சும் குழல்) நான்கு, ஃபியூயல் பம்ப், ஈ.சி.யூ. மேப்பிங் (எஞ்சின் கம்ப்யூட்டரை அதற்கேற்ப மாற்றி அமைப்பது), டைனோ டெஸ்ட் (வண்டியை உருளை மேல் ஓடவிட்டுப் பவரை அளப்பது). அழுத்திய காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலர் வேண்டாமா என்று கேட்டதற்கு, "7 பி.எஸ்.ஐ.க்கு எதுக்குத் தம்பி வீண் செலவு" என்றார். பூஸ்டை, அதாவது திணிக்கும் காற்றின் கூடுதல் அழுத்தத்தை, பி.எஸ்.ஐ. கணக்கில் காட்டும் மீட்டர் மட்டும் டாஷ்போர்டில் வைத்துக் கொடுத்தார்கள்.

2024 பிப்ரவரியில் வண்டி கைக்கு வந்தது. கூடவே கலர் பிரிண்டில் ஒரு டைனோ கிராஃப்: சக்கரத்தில் 236 ஹெச்.பி. "200-க்குத்தான் வச்சோம், வண்டி தானாவே நல்லா குடுத்துச்சு" என்றார். அதை மடித்து க்ளவ் பாக்ஸில் வைத்துக்கொண்டேன்.

மூன்று மாதம் ஒன்றும் ஆகவில்லை. ஆக வாய்ப்பும் இல்லை. சில்க் போர்டு சிக்னலிலும் அவுட்டர் ரிங் ரோட்டிலும் முழு ஆக்ஸிலரேட்டர் மிதிக்க இடம் ஏது? ஒரே ஒரு முறை நைஸ் ரோட்டில் மூன்றாவது கியரில் அழுத்தியபோது தகர டப்பாவில் கூழாங்கல் குலுக்கியது போல ஒரு சத்தம் கேட்டது. போன் செய்தேன். "புது பெல்ட்டு தம்பி, செட் ஆயிடும்." அது பெல்ட் சத்தம் இல்லை. அன்றே வண்டியை நிறுத்தியிருந்தால் எஞ்சின் பிழைத்திருக்கும். இந்தப் பதிவில் ஒரே ஒரு விஷயம்தான் மனதில் நிற்கும் என்றால் அது அந்தச் சத்தமாக இருக்கட்டும்: கூழாங்கல் சத்தம் கேட்டால் காலை எடுங்கள், கராஜ்காரர் என்ன சொன்னாலும் சரி.

மே மாதம் தங்கை வீட்டு விசேஷத்துக்குச் சென்னை கிளம்பினோம். மனைவியும் ஐந்து வயது மகளும் கூட இருந்தார்கள். கிருஷ்ணகிரி, வாணியம்பாடி, வேலூர், வாலாஜா டோல்கேட் எல்லாம் தாண்டிக் காவேரிப்பாக்கம் அருகே ஒரு டேங்கர் லாரியை ஓவர்டேக் செய்ய முழுதாக மிதித்தேன். வெளியே 41 டிகிரி என்று டிஸ்ப்ளே காட்டியது. பெங்களூரில் 7-ஐத் தாண்டாத பூஸ்ட் முள் கிட்டத்தட்ட 8-க்குப் போனதைப் பார்த்தேன். அடுத்த நொடி 'டக்' என்று ஒரு அடி, பிறகு கடகடவென்று சத்தம். கண்ணாடியில் பின்னால் வெள்ளைப் புகை. ஆயில் விளக்கு எரிந்தது. எப்படியோ ஓரம் கட்டினேன். டீக்கடைத் தார்ப்பாய் நிழலில் மகளை உட்கார வைத்துவிட்டு இரண்டு மணி நேரம் டோயிங் வண்டிக்குக் காத்திருந்தோம். லாரி பின்னால் நெருங்கி வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இன்றும் வயிற்றைப் பிசைகிறது.

வண்டியை அதே கராஜுக்கு அனுப்பவில்லை. நான் செய்த ஒரே புத்திசாலித்தனம் அதுதான். ஜே.சி. ரோட்டுக்குப் பின்னால் இருபது வருடத்துக்கு மேல் எஞ்சின் வேலை செய்கிற பாய் ஒருவரிடம் நேராகக் கொண்டுபோனேன். பிரிக்கும்போது கூடவே நின்று போட்டோவும் வீடியோவும் எடுத்தேன்.

முதலில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் காட்டினார். வெள்ளைப் பீங்கான் மேல் மிளகுப்பொடி தூவியது போலச் சாம்பல் நிறத்தில் பளபளக்கும் புள்ளிகள். "இது கார்பன் இல்ல சார், அலுமினியம். பிஸ்டன் உருகித் தெறிச்சிருக்கு." அப்புறம் இரண்டாவது பிஸ்டனை வெளியே எடுத்தார். ரிங் உட்காரும் காடிகளுக்கு நடுவில் வரப்பு போல இருக்கும் பகுதி, அவர் கட்டைவிரலால் லேசாகத் தள்ளியதும் முறுக்கு போல உடைந்து கையோடு வந்தது. பிஸ்டனைக் கிராங்க் ஷாஃப்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடு வளைந்திருந்தது, கண்ணாலேயே தெரிந்தது.

கடைசியில் இன்ஜெக்டர்கள் பொருந்தியிருக்கும் ஃபியூயல் ரெயிலைக் கழற்றினார். நான்கு இன்ஜெக்டரையும் துணியில் துடைத்துப் பலகையில் வரிசையாக வைத்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "சார், இது கம்பெனில வந்ததுதான். யாரும் கை வைக்கவே இல்ல."

பில்லில் 440 சி.சி. இன்ஜெக்டருக்குத் தனியாகக் காசு வாங்கியிருந்தார்கள்.

இதன் பொருள் என்ன என்று பாய் விளக்கியபோதுதான் எனக்கு முழுதாகப் புரிந்தது. சூப்பர்சார்ஜர் காற்றைத் திணிக்கும். அந்தக் காற்றுக்கு ஈடாகப் பெட்ரோல் வர வேண்டும். பூஸ்டில் முழு ஆக்ஸிலரேட்டரில் காற்று சுமார் 11.5 முதல் 12 பங்குக்குப் பெட்ரோல் ஒரு பங்கு இருக்க வேண்டும். 200 ஹெச்.பி.க்கு ஒவ்வொரு சிலிண்டருக்கும் சுமார் 370 சி.சி. இன்ஜெக்டர் வேண்டும். 130 ஹெச்.பி.க்கு அளவெடுத்துச் செய்த இன்ஜெக்டர் எந்நேரமும் திறந்தே கிடந்தாலும் அவ்வளவு ஊற்றாது. போதாக்குறைக்கு நம் பங்க்குகளில் இப்போது எத்தனால் கலந்த பெட்ரோல். இருபது சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோலுக்கு, எத்தனால் கலக்காத பெட்ரோலைவிட எட்டு ஒன்பது சதவீதம் கூடுதலாக ஊற்ற வேண்டும். பெட்ரோல் குறைந்தால் கலவை வறண்டு சூடேறும், பிளக் தீமூட்டிய பிறகு, தீ பரவி வருவதற்குள் மிச்சக் கலவை தானாகவே வெடிக்கும். அதுதான் நாக்கிங், அதுதான் கூழாங்கல் சத்தம். ஒவ்வொரு வெடியும் பிஸ்டன் தலையில் சுத்தியல் அடி.

இன்டர்கூலர் இல்லாததும் சேர்ந்துகொண்டது. 7 பி.எஸ்.ஐ. அழுத்தினாலே காற்றின் சூடு 50 டிகிரிக்கு மேல் ஏறும். வெளியே 41 என்றால் எஞ்சினுக்குள் போவது கிட்டத்தட்டக் கொதிநீர்ச் சூடு.

சரி, பெங்களூரில் உடையாமல் காவேரிப்பாக்கத்தில் ஏன் உடைந்தது? பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரம். இங்கே காற்றழுத்தமே கடற்கரையைவிடப் பத்தில் ஒரு பங்கு குறைவு. பெல்ட்டில் ஓடும் சூப்பர்சார்ஜர், பெல்ட் சுற்றும் புல்லி மாறாதவரை, ஒரே எஞ்சின் வேகத்தில் வெளிக்காற்றை ஏறக்குறைய ஒரே மடங்கில்தான் அழுத்தும். இங்கே 7 காட்டினால் சமவெளியில் 8-க்குப் பக்கம் காட்டும். மொத்தக் காற்று பத்து சதவீதத்துக்கு மேல் கூடும். முள் 8-க்குப் போனதைப் பார்த்து அன்று நான் சந்தோஷப்பட்டேன். இங்கே டியூன் செய்கிறவர்கள் சேலம், சென்னைக்கு இறங்கும் வண்டிக்கு இதைக் கணக்கில் எடுத்தே தீர வேண்டும். பெங்களூர்த் தமிழர்களின் வண்டி ஊருக்குப் போகாமலா இருக்கும்?

அடுத்தது அந்த டைனோ கிராஃப். வீட்டுக்கு வந்து அதை எடுத்துப் பிரித்துப் பார்த்தேன். கீழ்க்கோட்டில் ஆர்.பி.எம். (எஞ்சின் நிமிடத்துக்குச் சுற்றும் சுற்று) எண்கள் 8000 வரை ஓடின, கோடும் 7900 வரை ஏறிக்கொண்டே போனது. என் எஞ்சின் 7000 பக்கம் போனாலே பெட்ரோலை வெட்டிவிடும். அது என் வண்டியின் கிராஃபே இல்லை. வேறு ஏதோ எஞ்சினுடையதை எடுத்து என் வண்டி நம்பரைப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். மூன்று மாதம் என் க்ளவ் பாக்ஸில் கிடந்த காகிதத்தில் அத்தனையும் எழுதியிருந்தது.

சாதாரணக் கணக்கு போட்டிருந்தாலும் பிடித்திருக்கலாம். பெங்களூர்க் காற்றில் 130 ஹெச்.பி. எஞ்சின் கொடுப்பது ஏறக்குறைய 118. இங்கே 7 பி.எஸ்.ஐ. என்றால் காற்று ஒன்றரை மடங்கு, ஆக உத்தேசமாக 180. அதுவும் கிராங்கில், அதாவது எஞ்சினிலிருந்து வெளிவரும் இடத்தில். சக்கரத்துக்கு வருவதற்குள் 15 சதவீதம் போல கியர்பாக்ஸிலும் ஆக்ஸிலிலும் போய்விடும், மிச்சம் 150 சொச்சம். சக்கரத்தில் 236 வர வேண்டுமானால் கிராங்கில் 278 வேண்டும், அதற்கு இந்த ஊரில் 18 பி.எஸ்.ஐ. பூஸ்ட் தேவை. என் மீட்டர் காட்டியது 7.

ஆக, 250 தாங்கும் என்று சொன்ன எஞ்சின் 200-ஐக்கூடத் தொடாமல் உடைந்தது. அதனால்தான் 'எத்தனை ஹெச்.பி. தாங்கும்' என்ற கேள்வியே தப்பு என்கிறேன். ராடை வளைப்பது சிலிண்டருக்குள் எழும் அழுத்தம். குறைந்த ஆர்.பி.எம்.மில் டார்க் (சுழற்றும் விசை) திடீரென்று ஏறினால் 180 ஹெச்.பி.யிலும் ராடு வளையும். நாக்கிங் வந்தால் 150-லும் பிஸ்டன் உடையும். பெட்ரோல், பிளக் தீமூட்டும் டைமிங், சூடு மூன்றும் கட்டுக்குள் இருந்தால் அதே எஞ்சின் அதே பவரைப் பல வருடம் தாங்கும். கம்பெனிகளே சூப்பர்சார்ஜர் போடும்போது என்ன செய்தார்கள் என்று பாருங்கள்: 2000-களில் வந்த மினி கூப்பரில் 1.6 எஞ்சினுக்குக் கம்ப்ரஷன் 10.6. அதே 1.6-க்கு சூப்பர்சார்ஜர் போட்ட கூப்பர் எஸ்ஸில் அதை 8.3 ஆகக் குறைத்துவிட்டார்கள், எடுத்தது 163 ஹெச்.பி. நாம் 10.5 கம்ப்ரஷனை அப்படியே வைத்துக்கொண்டு பூஸ்ட் ஏற்றுகிறோம். "ஒரிஜினல் பவருக்கு மேல நாப்பது பர்சன்ட், அதோட நிறுத்திக்கணும் சார், அதுவும் எல்லாம் சுத்தமா இருந்தா" என்றார் பாய். நான் இப்போது அந்த வார்த்தையைத்தான் நம்புகிறேன்.

டைனோ ஓடும்போது நேரில் நில்லுங்கள். ஏர்-ஃபியூயல், பூஸ்ட், இக்னிஷன் டைமிங், நாக் நான்கும் ஒரே பதிவில் (லாக்) இருக்கும் ஃபைலைப் பென் டிரைவில் வாங்குங்கள். அதைக் கொடுக்க யோசிக்கிற இடத்தில் வண்டியை விடாதீர்கள். கழற்றிய பழைய இன்ஜெக்டரைக் கையில் கேட்டு வாங்குங்கள். நான் இதை மட்டும் செய்திருந்தால் அன்றே குட்டு வெளிப்பட்டிருக்கும். எண் சக்கரத்திலா கிராங்கிலா, இந்த ஊர் உயரத்துக்குக் கரெக்‌ஷன் போட்டதா போடாததா என்றும் கேளுங்கள்.

கராஜுக்குப் போய் இன்ஜெக்டர் போட்டோவைக் காட்டினேன். தம்பி என்று கூப்பிட்டவர் அன்றைக்கு சார் என்றார். "நீங்க ரொம்ப ரேஷா ஓட்டியிருக்கீங்க சார்." கிராஃபைக் காட்டினேன். "பிரிண்டர்ல மாறியிருக்கும்." பணம் திரும்பாது என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

சட்டப்படி என் பக்கமும் தப்பு உண்டு, அதை மறைக்கவில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி, கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. மீறினால் 182ஏ பிரிவில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டும். இன்சூரன்ஸும் கைவிரித்துவிடும். இதைக் காட்டித்தான் அவர்கள் தப்பிக்கப் பார்ப்பார்கள் என்று வக்கீல் முன்பே எச்சரித்தார். ஆனாலும் போடாத பொருளுக்குக் காசு வாங்கியது தனிக் குற்றம் என்று, இன்ஜெக்டரையும் கிராஃபையும் மட்டும் வைத்துப் புகார் எழுதியிருக்கிறோம். பாய் தன் அறிக்கையைக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார், காசு வாங்கவில்லை.

வண்டியில் இப்போது செகண்ட் ஹேண்ட் ஆர்18 எஞ்சின், எல்லாம் பழையபடி ஸ்டாக். எஞ்சினும் கூலியும் சேர்த்து இன்னொரு 1,20,000 ஆயிற்று. மகள் இன்னும் ஹைவேயில் லாரியைத் தாண்டும்போதெல்லாம் அம்மாவின் கையைப் பிடித்துக்கொள்கிறாள்.

பெங்களூரில் ஆர்18 சிவிக்குக்கு சூப்பர்சார்ஜர் போட்டவர்கள் யாராவது இருந்தால், உங்களுக்குக் கொடுத்த கிராஃபின் கீழ்க்கோட்டை இன்றே பாருங்கள். 8000 வரை போயிருந்தால் வண்டியை முழுதாக மிதிக்காமல், ரெயிலைக் கழற்றி இன்ஜெக்டரைப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள். அடுத்த மாதம் விசாரணை. இரண்டாவது கிராஃப் ஒன்று கிடைத்தால் என் புகாரோடு சேர்த்துக் கொடுத்துவிடுவேன்.