காரைக்காலில் ஒரு பிரெஞ்சு டியூஷன்

நன்னிலத்திலிருந்து சனி, ஞாயிறு பஸ் பிடித்துப் போய் ஆறு மாதம் படித்தேன், டெல்ஃப் ஏ2 என்கிற பிரெஞ்சு மொழித் தேர்வு எழுதப் போகிறவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன். அம்மையார் கோயிலிலிருந்து கொஞ்சம் தள்ளி ஒரு வீட்டுத் திண்ணையில் நடக்கிறது, போர்டெல்லாம் கிடையாது, மாதம் 1,200 ரூபாய்.

அதற்கு முன்னால் ஆன்லைனில் ஒரு கோர்ஸுக்குப் பணம் கட்டி, வினைச்சொல் அட்டவணையை மனப்பாடம் செய்திருந்தேன். முதல் நாள் 'அவர்கள் பேசுகிறார்கள்' என்பதைப் படிக்கச் சொன்னார் டீச்சர், எழுதியிருந்ததை ஒன்றுவிடாமல் "இல் பார்லென்ட்" என்றேன். "தம்பி, அந்த வால் கண்ணுக்குத்தான், வாய்க்கு இல்லை" என்றார். நான், நீ, அவன், அவர்கள் நாலுக்கும் எழுத்தில் மூன்று விதம், காதுக்கு ஒரே 'பார்ல்', ஒரே அசை. நாங்கள், நீங்கள் வந்தால்தான் 'பார்-லோன்', 'பார்-லே' என்று இரண்டு அசை, அந்த ன் மூக்கோடு நின்றுவிட வேண்டும். தவில் சொற்கட்டு மாதிரி தொடையில் தட்டி எண்ண வைக்கிறார், எனக்கு அதுதான் நாக்கைத் திருத்தியது.

'பேசினேன்' என்றாலே யாரென்று நமக்குத் தெரிந்துவிடுகிறது, அங்கே பாதி விகுதி ஊமை, அதனால் நான், நீயை விடவே முடியாது. 'நேசிக்கிறான்' என்பதைச் சொல்லிக் கொடுத்த விதம் இன்னும் மறக்கவில்லை: பால் ஆடை பாலாடை ஆகிற மாதிரி 'இல்' (அவன்) போய் 'எம்' (நேசி) என்பதோடு ஒட்டி 'இ-லெம்', அதுவே 'நேசிக்கிறார்கள்' என்றால் 'அவர்கள்' என்பதற்கான சொல்லின் கடைசியில் சும்மா கிடந்த எஸ் எழுந்து, வண்டு ரீங்காரம் போல அதிர்கிற ஸ ஆகி 'இல்-ஸெம்'. ஒருவரா பலரா என்பதை அந்த ஒரு ஒலிதான் சொல்கிறது!

1954 வரை பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட ஊர் இல்லையா, பக்கத்து வீட்டுத் தாத்தா வாசலில் நின்று கேட்டு "ரகரம் தொண்டையிலிருந்து வரட்டும்" என்று திருத்துவார், அதற்குத் தனிக் கட்டணம் இல்லை.

குறை என்றால் எழுத்துப் பயிற்சி போதாது. டிக்டேஷன் எழுதினால் காதுக்குக் கேட்காத வால்களையெல்லாம் கோட்டைவிடுகிறேன். டெல்ஃபில் எழுத்துக்கும் 25 மதிப்பெண், நான்கு பகுதியில் எதில் 5-க்குக் குறைந்தாலும் மொத்தம் 50 தாண்டியும் பயனில்லை, அதனால் எழுத்தை வீட்டில் தனியாகப் பாருங்கள்.

ஒரு நேரத்துக்கு ஐந்து பேர்தான், ஐப்பசி மழையில் திண்ணை நனைந்தால் வகுப்பு கூடத்துக்குள் போய்விடும், சேருவதென்றால் அதற்கு முன்னாலேயே போய்க் கேட்டுவிடுங்கள்.