அக்காவுக்குக் கரண்ட் (கதிர்வீச்சு சிகிச்சை) வைத்த அரசு மருத்துவமனை: 4 நட்சத்திரம்

எனக்குப் புதுவயல். வீட்டிலேயே தையல் வேலை. அக்காவுக்கு மார்பில் கட்டி என்று தெரிந்ததும், முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை எடுத்துக்கொண்டு அரசு மருத்துவமனைக்குத்தான் போனோம். ஊர்ப் பெயர் வேண்டாம். எங்கே நாள் போனது, எங்கே மிச்சமானது என்பதை மட்டும் எழுதுகிறேன்.

கட்டியிலிருந்து கொஞ்சம் சதை எடுத்துச் சோதிக்கும் பயாப்சி முடிவுக்கு 19 நாள். புற்றுநோய்தான் என்றார்கள். அப்புறம், அதே சதையில் ஹார்மோன் சோதனையும் பார்க்க வேண்டும் என்று புதுச் சீட்டு. மறுபடி டோக்கன், மறுபடி லேப், இன்னும் 12 நாள். புற்றுநோய் என்று தெரிந்த அன்றே லேப்காரர்களே அடுத்த சோதனையைத் தொடங்கினால் என்ன? அந்த நாட்களில் அக்கா சரியாகச் சாப்பிடவே இல்லை. ஒரு நட்சத்திரத்தைக் குறைத்தது இதற்காகத்தான்.

அதற்கப்புறம் எல்லாம் வேகம். செவ்வாய்க்கிழமை அறுவை டாக்டர், கீமோ டாக்டர், கரண்ட் டாக்டர் மூவரும் ஒரே அறையில் உட்காருகிறார்கள். அரை மணி நேரத்தில் ஆபரேஷன், கீமோ, கரண்ட் எல்லாவற்றுக்கும் வரிசை முடிவாகிவிட்டது. தனித்தனியாகப் பார்க்கச் சொல்லியிருந்தால் காரைக்குடியில் விடிகாலை 4 மணி பஸ்ஸை மூன்று முறை பிடித்திருப்போம்.

கரண்ட் 25 நாள் என்று ஊரில் பயமுறுத்தியிருந்தார்கள். வாரம் ஐந்து நாள் வீதம் 15 நாள்தான் வைத்தார்கள். "பலன்ல குறைச்சல் இல்லம்மா, நிறைய பேருக்கு மூணு வாரமே போதும்" என்றார் டாக்டர். எல்லோருக்கும் பொருந்தாதாம். அக்கா விட்ட 10 நாளில் இன்னொருவர் அந்த மெஷினில் படுக்கலாம் என்பது எனக்குப் பெரிய நிம்மதி.

பக்கத்து அறையில் பழைய கோபால்ட் மெஷின். கோபால்ட் என்ற கதிர்வீசும் உலோகத்தை வைத்துக் கரண்ட் கொடுப்பது. அதன் கதிர் ஏறக்குறைய 5 ஆண்டில் பாதியாகிவிடும், அப்போது ஒவ்வொருவரும் இரட்டிப்பு நேரம் படுக்க வேண்டும் என்று டெக்னீஷியன் விளக்கினார். அங்கே வரிசை ஏன் நகரவில்லை என்று அப்போதுதான் புரிந்தது.

நேரம் குறித்துக் கொடுப்பதும் நல்ல ஏற்பாடு. எங்களுக்கு 11:20. ஒரு நாள் மட்டும் மெஷின் பழுது. போன் செய்து சொல்லியிருந்தால் அக்காவை அலைக்கழிக்காமல் இருந்திருக்கலாம்.

காரைக்குடி, தேவகோட்டை பக்கமிருந்து போகிறவர்கள் பயாப்சி கொடுக்கும் அன்றே காப்பீட்டு கவுண்டரில் அட்டையைக் காட்டிவிடுங்கள். அக்கா பெயர் அட்டையில் ஒரு மாதிரி, ஆதாரில் ஒரு மாதிரி. திருத்த 4 நாள் போனது.