சாங்கியிலிருந்து நண்பர் வீட்டுக்கு எம்ஆர்டியில் போகலாமா?

சிங்கப்பூரில் ஹோட்டலில் தங்குபவருக்கும் நண்பர் வீட்டில் தங்குபவருக்கும் விமான நிலையத்திலிருந்து வழி ஒன்றல்ல. ஹோட்டல்கள் பெரும்பாலும் நகரத்தின் நடுவில் இருக்கின்றன. நண்பர்களோ தெம்பனிஸ், செங்காங், ஈசூன், ஜூரோங் என்று வீவக (அரசு வீட்டு வாரியம்) குடியிருப்புப் பேட்டைகளில் இருக்கிறார்கள். அதனால் சாங்கி விமான நிலைய எம்ஆர்டி (நகர ரயில்) எல்லாருக்கும் ஏற்றது என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட முடியாது. நண்பர் வீடு எந்தத் தடத்தில் இருக்கிறது என்பதை வைத்துத்தான் அதை மதிப்பிட வேண்டும்.

சாங்கி எம்ஆர்டி நிலையம் 2002 முதல் இயங்குகிறது. முனையம் 2, 3 இரண்டுக்கும் அடியில் இருக்கிறது. திருச்சி, கோவையிலிருந்து ஸ்கூட் விமானத்தில் வருபவர்கள் முனையம் 1-இல் இறங்குவார்கள். அங்கிருந்து முனையங்களுக்கிடையே ஓடும் ஸ்கைடிரெயினில் ஏறி முனையம் 2 அல்லது 3-க்குப் போக வேண்டும், கட்டணம் கிடையாது. முனையம் 4 தனியாக இருக்கிறது. அங்கிருந்து முனையம் 3-க்கு இலவசப் பேருந்து உண்டு, ஆனால் அதற்குக் கூடுதலாக இருபது நிமிடமாவது வைத்துக்கொள்ளுங்கள்.

சாங்கி தடம் இரண்டே நிறுத்தங்கள் கொண்ட குட்டிக் கிளை. முதலில் எக்ஸ்போ, அடுத்தது தானா மேரா. எங்கே மாறுவது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். ஜூரோங், கிளமெண்டி, குவீன்ஸ்டவுன் என்றால் தானா மேராவில் இறங்கி மேற்கு நோக்கிப் போகும் பச்சைத் தட ரயில் பிடிக்க வேண்டும். ஜூரோங் ஈஸ்ட் வரை ஏறத்தாழ ஒரு மணி நேரம். பாசிர் ரிஸ் போகிறவர்களும் தானா மேராவில்தான் இறங்க வேண்டும், ஆனால் எதிர்த் திசை ரயில். எந்த நடைமேடை என்பதைப் பலகையில் கடைசி நிலையத்தின் பெயரைப் பார்த்து உறுதிசெய்யுங்கள்.

லிட்டில் இந்தியா பக்கம் நண்பர் இருந்தால் என் தேர்வு எக்ஸ்போதான். அங்கே நீலநிற டௌன்டவுன் தடத்தில் ஏறினால் லிட்டில் இந்தியா வரை இறங்கவே வேண்டாம். தானா மேராவில் பச்சைத் தடம் ஏறி பூகிஸில் மாறினால் சில நிமிடம் மிச்சமாகலாம். ஆனால் பூகிஸில் ஒரு தடத்திலிருந்து இன்னொன்றுக்கு மின்படிகளும் நீண்ட சுரங்க நடையும் இருக்கின்றன. 30 கிலோ பெட்டியோடு அந்த நடை வேண்டாம்.

எம்ஆர்டி கைவிடுவது வடகிழக்கில். பொங்கோலும் செங்காங்கும் சாலை வழியே சாங்கிக்கு மிக அருகில், காரில் இருபது நிமிடம் போதும். ரயிலிலோ தானா மேரா, பாய லேபார், சிராங்கூன் என்று மூன்று இடத்தில் மாற வேண்டும், ஒரு மணி நேரம் போய்விடும். தடங்கள் நகர மையத்தை நோக்கிப் போடப்பட்டவை, ஓரத்திலிருந்து ஓரத்துக்குப் போக நேர் ரயில் இல்லை என்பதே காரணம். இவர்களுக்குப் பேருந்துதான் சரி: பொங்கோலுக்கு 34, செங்காங்குக்கு 27, ஈசூன், உட்லண்ட்ஸ் பக்கம் 858. முனையம் 1, 2, 3-இன் அடித்தளத்தில் நிறுத்தம் இருக்கிறது. பேருந்தின் நடுவில் சக்கர நாற்காலிக்கான இடம் காலியாக இருந்தால் பெட்டியை அங்கே நிறுத்தலாம். வளைவுகளில் உருண்டு ஓடும், பிடித்துக்கொண்டே இருங்கள்.

நேரமும் முக்கியம். சென்னையிலிருந்து இரவில் கிளம்பும் விமானங்கள் பலவும் விடியற்காலையில் இறங்குகின்றன. குடிநுழைவு, பெட்டி எல்லாம் முடிந்து ரயிலடிக்கு வரும்போது ஏழரை ஆகிவிட்டால் சிரமம். பாசிர் ரிஸில் கிளம்பும் ரயில் தெம்பனிஸ், சீமெய் மக்களை ஏற்றிக்கொண்டு தானா மேராவுக்கு வரும்போதே நிரம்பியிருக்கும். பெட்டி வைக்கத் தனி அடுக்கும் ரயிலில் கிடையாது. அவசரமில்லை என்றால் விமான நிலையத்திலேயே காலை உணவை முடித்துக்கொண்டு ஒன்பது மணிக்கு மேல் கிளம்புங்கள். இரவு 11 மணிக்குப் பிறகு நகரத்துக்கான ரயிலை நம்ப வேண்டாம். டாக்சிதான் வழி. நள்ளிரவு முதல் காலை ஆறு வரை மீட்டர் தொகையோடு பாதி கூடுதலாகச் சேரும், விமான நிலையக் கூடுதல் கட்டணம் வேறு.

ரயில் கட்டணம் ஏறத்தாழ 2 முதல் இரண்டரை வெள்ளிதான் (சிங்கப்பூர் டாலர்). காகிதப் பயணச்சீட்டு 2022-இலேயே நின்றுவிட்டது. விசா, மாஸ்டர்கார்டு அட்டையை நேராகக் கதவில் தட்டலாம். இங்கேதான் இந்திய அட்டைகள் மாட்டிக்கொள்கின்றன: வெளிநாட்டுப் பரிவர்த்தனையும் தொடாமல் செலுத்தும் வசதியும் பல அட்டைகளில் முடக்கப்பட்டே இருக்கும். ஊரிலேயே வங்கிச் செயலியில் இரண்டையும் திறந்துவிடுங்கள். ஆளுக்கு ஓர் அட்டை வேண்டும். நுழையும்போது அட்டையைத் தட்டிவிட்டு வெளியேறும்போது கைப்பேசியைத் தட்டினால், உள்ளே இருப்பது அதே அட்டையானாலும் இயந்திரத்துக்கு அது வேறு அட்டை. பேருந்தில் இறங்கும்போது தட்ட மறந்தால் கடைசி நிறுத்தம் வரைக்கும் காசு போகும்.

வெளிநாட்டு வங்கி அட்டைக்குப் பயன்படுத்தும் ஒவ்வொரு நாளும் 60 காசு சேவைக் கட்டணம் உண்டு. பணம் நிரப்பிப் பயன்படுத்தும் ஈஸி-லிங்க் பயண அட்டை 10 வெள்ளி, அதில் 5 வெள்ளிதான் பயணத்துக்கு, மீதி அட்டையின் விலை. ஒரு வாரத்துக்குள் திரும்புகிறவருக்கு வங்கி அட்டை போதும். அதற்கு மேல் என்றால் ஈஸி-லிங்க். நண்பர் வீட்டு மேசையறையில் உபரி அட்டை ஒன்று கிடக்கலாம், கேட்டுப் பாருங்கள். மாணவர், முதியோர் சலுகை அட்டையாக மட்டும் இருக்கக் கூடாது.

நண்பரிடம் முகவரியை விமானம் ஏறுவதற்கு முன்பே முழுமையாக வாங்கிவிடுங்கள். சிங்கப்பூர் வருகை அட்டையை இணையத்தில் நிரப்பும்போதே அது தேவைப்படும். போய் இறங்கும் நாளையும் சேர்த்துக் கடைசி மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும், கட்டணமில்லை. காசு கேட்கும் தளம் அரசுத் தளம் அல்ல. இது விசாவும் அல்ல. இந்தியக் கடவுச்சீட்டுக்கு விசா தனியாக எடுத்திருக்க வேண்டும்.

முகவரியில் புளோக் (கட்டட) எண், சாலை, மாடி, வீட்டு எண், ஆறு இலக்க அஞ்சல் எண் எல்லாம் வேண்டும். பேட்டைகளில் அவென்யூ 3, ஸ்திரீட் 31 என்று சாலைகளுக்கும் எண்கள்தான், ஒன்றை மாற்றிச் சொன்னாலும் வேறு மூலைக்குப் போய்விடுவீர்கள். அஞ்சல் எண் கட்டடத்துக்குக் கட்டடம் மாறுவதால் அதை மட்டும் வரைபடத்தில் தட்டினாலே சரியான புளோக் வரும். பெரும்பாலான வீவக புளோக்குகளில் அதன் கடைசி மூன்று இலக்கம் புளோக் எண்ணாகவே இருக்கும், சரிபார்க்க எளிது. ரயில் நிலையத்தின் எந்த வாசல் பக்கம் என்பதையும் கேளுங்கள். தவறான வாசலில் ஏறினால் பெரிய சாலையைப் பெட்டியோடு கடக்க நேரும்.

நண்பருக்காக எடுத்துப் போகும் மளிகையில் கசகசா வேண்டாம், அங்கே அதற்குத் தடை. மெல்லும் புகையிலை, சூயிங் கம், மின்சிகரெட்டுக்கும் அப்படியே. சிகரெட்டுக்கு வரிவிலக்கு அளவே கிடையாது, ஒரு பாக்கெட் என்றாலும் சுங்கத்தில் சிவப்பு வழியில் போய்ச் சொல்லி வரி கட்ட வேண்டும்.