லா போசாடா: சாப்பாடு உள்ள ரயிலடி

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், வின்ஸ்லோ ஊரில் உள்ள லா போசாடாவை நல்ல ஹோட்டல் என்று பலரும் சொல்வார்கள். அது அந்த ஊரின் ரயில் நிலையமும்தான். தெற்கே தண்டவாளம், வடக்கே பழைய ரூட் 66 சாலை, நடுவில் தங்கும் அறைகளும் டர்க்காய்ஸ் ரூம் உணவகமும். கட்டடக் கலைஞர் மேரி கோல்ட்டர் வடிவமைக்க, சான்டா ஃபே ரயில்வே 1930-ல் இதைத் திறந்தது. அன்று தலைவாசலே தண்டவாளத்தைப் பார்த்துத்தான் இருந்தது.

இங்கே சாப்பாட்டுக்கு இவ்வளவு இடம் ஏன் என்று புரிய, சான்டா ஃபே தடத்தில் ரயிலடி உணவகங்களை நடத்திய ஃபிரெட் ஹார்வியின் முறையைத் தெரிந்துகொள்ள வேண்டும். லா போசாடாவும் அவர் நிறுவனத்தின் ஹோட்டலாக இருந்ததுதான். 1876-ல் கான்சஸ் மாநிலத்தின் டொபீகா நிலையத்தில் அவர் தொடங்கியது அது. எத்தனை பேர் சாப்பிடப்போகிறார்கள் என்று கண்டக்டர் வண்டியிலேயே எண்ணி, முன்கூட்டியே தந்தி அடித்துவிடுவார். வண்டி நிற்கும்போது முதல் பதார்த்தம் மேசையில் தயார். அரைமணிக்குள் பந்தி முடிந்தாக வேண்டும். ஆர்டர் எடுக்கும் பெண் கோப்பையை நிமிர்த்தி வைத்திருந்தால் காபி, கவிழ்த்திருந்தால் தேநீர். பானம் ஊற்ற வரும் பெண் எதையும் கேட்கவே வேண்டாம். பயணிகளோடு ஊர்க்காரர்களும் அங்கே சாப்பிட்டார்கள்.

ரயில் பயணம் குறைந்ததும் 1957-ல் ஹோட்டலை மூடி, கட்டடத்தை ரயில்வே அலுவலகமாக்கினார்கள். ஆலன் அஃபெல்ட் என்பவர் 1997-ல் வாங்கி, மறுபடி ஹோட்டலாகவே மீட்டார். மீட்டது சரியான வழியில் என்பேன். திசைக்கு ஒன்றாக நாளுக்கு இரண்டே பயணிகள் வண்டி நிற்கும் ஊரில் வெறும் கூரையும் பெஞ்சும் போட்டால் யார் வந்து உட்காருவார்கள்? அடுப்பு எரிந்தால்தான் ஆள் கூடும்.

உணவகத்தில் பெயர்பெற்றது ஒரே கிண்ணத்தில் பாதி கறுப்பு பீன்ஸ், பாதி சோளம் என்று கலக்காமல் ஊற்றித் தரும் சூப். சைவர்கள் அதில் இறைச்சிச் சாறு சேர்கிறதா என்று கேட்டுவிடுங்கள். இரவுச் சாப்பாட்டுக்கு மேசையை முன்பதிவு செய்வது நல்லது.

ரயிலில் வருபவர்களுக்கு: அமெரிக்கப் பயணிகள் ரயில் நிறுவனமான ஆம்ட்ராக்கின் சவுத்வெஸ்ட் சீஃப் வண்டி லாஸ் ஏஞ்சலஸ் நோக்கி மாலையிலும், சிகாகோ நோக்கி விடிகாலையிலும் வரும். நிலையத்தில் டிக்கெட் கவுன்டர் கிடையாது. ஆம்ட்ராக் செயலியில் முன்பே எடுத்துக்கொள்ளுங்கள். அரிசோனாவின் பெரும்பகுதியில் கோடைக்காகக் கடிகாரத்தை மாற்றுவதில்லை. இந்த வண்டி ஓடும் மற்ற மாநிலங்கள் மாற்றுவதால், கோடையில் வண்டி இங்கத்திய கணக்கில் ஒரு மணி நேரம் முன்னதாக வரும். குளிர்கால அட்டவணையை நம்பி வண்டியைத் தவறவிடுவது இதனால்தான். தாமதமும் சகஜம், சரக்கு வண்டிகள் நிறைந்த தடம் இது. வண்டி எங்கே வருகிறது என்று செயலியில் பார்த்துவிட்டு இனிப்பை ஆர்டர் செய்யுங்கள்.

இரவு முழுக்கச் சரக்கு வண்டிகள் ஓடும். தூக்கம் லேசானவர்கள் சாலைப் பக்க அறையைக் கேளுங்கள். ரயில் பிடிக்கும் என்றால் தண்டவாளப் பக்க அறைதான்.