தில்லை மரமா, கல் மரமா? வெளியூர் விருந்தினருக்கு ஒரே ஒரு நாள்

என் சித்தப்பா பிரெஞ்சுப் படையில் வேலை பார்த்த 'சொல்தா'. அவர் மகன் பாரிஸிலேயே தங்கிவிட்டான். குளிர்காலம் நெருங்கினால் அவனிடமிருந்து எனக்குத் தொலைபேசி வரும். "அண்ணா, நண்பர்கள் இரண்டு பேர் புதுச்சேரிக்கு வருகிறார்கள். கடற்கரைச் சாலை, பிரெஞ்சுத் தெருக்கள், ஆரோவில் எல்லாம் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். ஒரு நாள் மட்டும் உங்களிடம் விடுகிறேன். எங்கே கூட்டிப்போவீர்கள்?"

வருகிறவர்கள் உலகம் சுற்றியவர்கள். அங்கோர்வாட் பார்த்தவர்கள், ஹாலோங் விரிகுடாவில் கப்பலில் போனவர்கள். அவர்களிடம் எதையாவது காட்டி ஒப்பேற்றிவிட முடியாது. நம் ஊர்ப் பக்கம் வேறெங்கும் கிடைக்காதது எது என்று யோசித்து யோசித்து, கடைசியில் என் முன்னால் இரண்டு வழிகள்தான் நின்றன. ஒன்று, வடமேற்கே திருவக்கரைக் கல்மரங்களும் செஞ்சிக் கோட்டையும். மற்றொன்று, தெற்கே பிச்சாவரமும் சிதம்பரமும். இரண்டிலும் ஓர் இயற்கை அதிசயம், ஒரு மனிதப் படைப்பு. செஞ்சி புதுச்சேரியிலிருந்து ஏறத்தாழ 70 கிலோமீட்டர். சிதம்பரமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். ஒரே நாளில் இரண்டு திசைக்கும் ஓடுவது வீண் வேலை. இரண்டு வழியிலும் பல முறை போய்வந்த பிறகு எழுதுகிறேன். நான் கடலூர் மஞ்சக்குப்பத்துக்காரன் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்; தெற்கு எனக்குச் சொந்த மண்.

முதலில் கல்மரம். திருவக்கரை புதுச்சேரியிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர், விழுப்புரம் மாவட்டத்தில் சங்கராபரணி ஆற்றின் அருகே இருக்கிறது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை 1940இல் பாதுகாத்த இடம். பூங்காவின் மொத்தப் பரப்பு 247 ஏக்கர். நாம் நடந்து பார்ப்பது அதில் சிறு பகுதிதான். செம்மண் தரையில் பெருமரத் தண்டுகள் கிடக்கின்றன. சில 15 மீட்டர் வரை நீளமானவை. தொலைவிலிருந்து பார்த்தால் நேற்று வெட்டிப்போட்ட கட்டை மாதிரி இருக்கும். கை வைத்தால்தான் கல் என்று தெரியும். வயது ஏறக்குறைய 2 கோடி ஆண்டுகள்.

அந்த மரங்களுக்குக் கிளை இல்லை, வேர் இல்லை. அவை அங்கே நின்று வளரவில்லை. எங்கிருந்தோ வெள்ளத்தில் அடித்து வரப்பட்டு மணலில் புதைந்தவை. காற்றுப் படாத ஆழத்தில் மக்காமல் கிடந்தபோது, நிலத்தடி நீரில் கரைந்திருந்த சிலிக்கா மரத்தின் ஒவ்வோர் உயிரணுவுக்குள்ளும் புகுந்து, மரம் இருந்த இடத்தைக் கல் பிடித்துக்கொண்டது. அதனால்தான் பட்டையின் சொரசொரப்பும் மரநாரின் ஓட்டமும் இன்றும் தெரிகின்றன. 18ஆம் நூற்றாண்டிலேயே பியேர் சொன்னெரா என்ற பிரெஞ்சு இயற்கையியலர் இதைக் கவனித்து எழுதினார். எனக்கு இதில் இன்னொரு பெருமையும் உண்டு. இந்த மரங்களைப் பொதிந்து வைத்திருக்கும் பாறைக்குப் புவியியலர் இட்ட பெயர் 'கடலூர் மணற்கல்'. புவியியல் நூல்களில் எங்கள் ஊர்ப் பெயர் ஒரு பாறையாக நிற்கிறது.

குறையையும் சொல்லத்தான் வேண்டும். அமெரிக்காவின் அரிசோனாவில் உள்ள கல்மரக் காட்டைப் பார்த்தவர்களுக்கு இது சிறிதாகத் தெரியும். அங்கே மரங்கள் 20 கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்டவை, சிவப்பும் மஞ்சளுமாக நிறம் பிடித்தவை. நம்முடையது பழுப்பும் சாம்பலும். விளக்கிச் சொல்ல ஆள் இல்லாமல் போனால் அரை மணி நேரத்தில் வெளியே வந்துவிடுவார்கள். பக்கத்திலேயே திருஞானசம்பந்தர் பாடிய சந்திரமௌலீசுவரர் கோயில் இருக்கிறது. வக்கிரகாளி சன்னதியும் மூன்று முகம் கொண்ட லிங்கமும் அங்கே பார்க்க வேண்டியவை. பௌர்ணமியில் மட்டும் போகாதீர்கள். கூட்டத்தில் எதையும் பார்க்க முடியாது.

அங்கிருந்து திண்டிவனம் வழியாகச் செஞ்சி. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று மலைகளை மதிலால் கோத்துக் கட்டிய கோட்டை. ஆங்கிலேயர் இதைக் 'கிழக்கின் டிராய்' என்றார்கள். 1677இல் சிவாஜி பிடித்தார். பிறகு அவர் மகன் ராஜாராம் உள்ளே இருக்க, மொகலாயப் படை 1690 முதல் 1698 வரை வெளியே காத்துக் கிடந்தது. எட்டு ஆண்டுகள் தாக்குப்பிடித்த அதே கோட்டையை 1750இல் பிரெஞ்சுக்காரர்கள் ஒரே இரவில் பிடித்தார்கள் என்று சொன்னால், பிரான்சிலிருந்து வந்தவர்கள் கண்ணை அகல விரிப்பார்கள். புதுச்சேரிக் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் கருங்கல் தூண்கள் செஞ்சியிலிருந்து கொண்டுவரப்பட்டவை என்பதையும் சொல்லுங்கள். அன்று மாலை அவர்கள் அந்தத் தூண்களைத் தொட்டுப் பார்ப்பார்கள். 1714இல் ஆற்காட்டு நவாபின் படையோடு மோதி மடிந்த தேசிங்கு ராஜனின் கதையைத் தெருக்கூத்தில் கேட்டு வளர்ந்த யாராவது உடன் வந்தால் இன்னும் நல்லது.

2025 ஜூலையில் யுனெஸ்கோ, மராத்தியப் படைநிலப்பரப்பு என்ற தொகுப்பில் 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அவற்றில் மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருப்பது செஞ்சி ஒன்றுதான். ஆக, 'உலகப் பயணிக்கு' என்று சான்றிதழ் கேட்டால் வடமேற்கு வழி வென்றுவிடும். ஆனால் ராஜகிரியின் உச்சி சுமார் 240 மீட்டர். படிகள் செங்குத்தானவை, நிழல் கிடையாது. முழங்கால் வலி உள்ளவர்களைக் கூட்டிப்போவது கொடுமை. ஏப்ரல், மே மாதங்களில் பாறை அடுப்புக்கல்லாகக் காய்ந்திருக்கும். பிற்பகலாகிவிட்டால் மேலே ஏற விடமாட்டார்கள். திருவக்கரையில் நேரம் போக்கிவிட்டு மதியம் செஞ்சிக்குப் போனால், கீழே கல்யாண மகாலையும் களஞ்சியங்களையும் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

இனி தெற்கு. கடலூரைத் தாண்டும்போது தேவனாம்பட்டினம் இடப்புறம் இருக்கிறது. 1690இல் செஞ்சியில் இருந்த மராத்தியரிடமிருந்து ஆங்கிலேயர் விலைக்கு வாங்கிய கோட்டை அங்கேதான் இருந்தது. கோட்டையிலிருந்து சுட்ட பீரங்கிக் குண்டு விழுந்த தூரம் வரை நிலம் அவர்களுக்கு என்று ஒப்பந்தம். குண்டு உப்பலவாடி என்ற ஊர்ப் பெயர் அந்த நினைவைச் சுமந்து நிற்கிறது. இதை வண்டியிலேயே சொல்லிவிட்டு மேலே போகலாம். இறங்கிப் பார்க்க நேரம் இல்லை.

கிள்ளை வழியாகப் பிச்சாவரம். வெள்ளாறும் கொள்ளிடமும் கடலைத் தேடும் இடத்துக்கு நடுவே உள்ள அலையாத்திக் காடு. இங்கே ஒரு வேண்டுகோள்: "உலகின் இரண்டாவது பெரிய சதுப்புநிலக் காடு" என்று விருந்தினரிடம் சொல்லாதீர்கள். இணையத்தில் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதிப் பரப்பிய தவறு அது. பிச்சாவரம் ஏறத்தாழ 11 சதுர கிலோமீட்டர். சுந்தரவனம் சுமார் 10,000 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டிலேயே முத்துப்பேட்டைக் காடு இதைவிடப் பெரியது. பொய்ப் பெருமை இந்தக் காட்டுக்குத் தேவையே இல்லை. இவ்வளவு சிறிய காட்டுக்குள் இத்தனை வாய்க்கால்கள் பின்னிக் கிடப்பதும், ஆழமில்லாத நீரில் சின்னப் படகிலேயே மரத்தின் கால்களுக்கு நடுவே நுழைய முடிவதும்தான் இதன் சிறப்பு.

அதற்காகவே சொல்கிறேன், மோட்டார் படகில் ஏறாதீர்கள். அது அகன்ற நீர்வழியில் ஒரு சுற்றுச் சுற்றிக் கொண்டுவந்து விட்டுவிடும். துடுப்புப் படகுதான் குறுகிய வாய்க்காலுக்குள் போகும். உள்ளே போனதும் மேலே கிளைகள் கூடிவிடும், காற்று நின்றுவிடும். துடுப்புக்காரர் தலையைக் குனியச் சொல்வார். சுரபுன்னை மரம் நாலாபுறமும் முட்டுக்கால் ஊன்றி நிற்கும். அதன் விதை மரத்திலிருந்தபடியே முளைவிட்டு, முருங்கைக்காய் போலத் தொங்கும். விழுந்தால் சேற்றில் நட்டுக்கொள்ளும். வெண்கண்டலின் வேர்கள் சேற்றுக்கு மேலே விரல் விரலாக நீட்டி மூச்சு வாங்கும். அதன் இலையை நாக்கில் வைத்துப் பாருங்கள், கரிக்கும். உறிஞ்சிய உப்பை இலை வழியாக வெளியே தள்ளுகிற மரம் அது. கரையோரம் இடுப்பளவு நீரில் இருளர்கள் கையால் துழாவி இறால் பிடிப்பதையும் பார்க்கலாம்.

இந்தக் காடு அழிந்து மீண்ட காடு. பல ஆண்டுகள் கூட்டம் கூட்டமாக மரங்களை வெட்டியதில் தரை பள்ளமாகி, கடல்நீர் தேங்கி, உப்பேறி, ஒன்றும் முளைக்காமல் போனது. 1990களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர்மக்களும் சேர்ந்து மீன்முள் வடிவில் கால்வாய் வெட்டினார்கள். ஓதநீர் வந்துபோக வழி கிடைத்ததும் கன்று நட்டார்கள். 2004 சுனாமியில் காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்கள் பெருமளவு தப்பின. கடல்முகத்தில் இருந்த எம்.ஜி.ஆர். திட்டு பல உயிர்களை இழந்தது. கடலூர் மாவட்டத்தில் அந்த நாளை மறந்தவர் யாரும் இல்லை. 2022இல் பிச்சாவரம், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்தபோது, அந்த ஊர்களைத்தான் நினைத்தேன்.

படகில் இருக்கும்போதே துடுப்புக்காரரிடம் தில்லை மரத்தைக் காட்டச் சொல்லுங்கள். பால் வடியும் மரம்; அந்தப் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு, அதனால் தொட்டுவிடாதீர்கள். உதிரும் முன் இலைகள் சிவந்துவிடும். சிதம்பரத்தின் பழைய பெயர் தில்லை. ஒரு காலத்தில் கோயிலைச் சுற்றித் தில்லைவனம் இருந்தது என்பார்கள். இன்று ஊருக்குப் பெயர் கொடுத்த மரத்தைப் பார்க்க ஊரை விட்டு இங்கே வர வேண்டும்.

சைவர்களுக்குக் 'கோயில்' என்றாலே சிதம்பரம்தான். மற்ற தலங்களில் மூலவர் கருவறையை விட்டு நகரமாட்டார். இங்கே ஆனித் திருமஞ்சனத்துக்கும் மார்கழித் திருவாதிரைக்கும் நடராசரே தேரேறித் தெருவுக்கு வருகிறார். சன்னதியில் அவருக்கு அருகிலேயே உள்ள திரையை விலக்கினால் தெரிவது தங்க வில்வ மாலையும் வெட்டவெளியும். ஐம்பூதத் தலங்களில் இது ஆகாயம். வெளியூர்க்காரர்களுக்கு இதை எப்படிச் சொல்வது என்று முதலில் தயங்கினேன். எதையும் விளக்காமல் திரைக்கு முன் நிற்கவைத்தேன், அவர்களே புரிந்துகொண்டார்கள். கோபுர வாயிலில் 108 கரணங்கள், அதாவது நடன நிலைகள், கல்லில் இருக்கின்றன. நடனம் கற்றவர் உடன் வந்தால் அங்கேயே ஒரு மணி நேரம் போய்விடும். அதே வளாகத்தில் கோவிந்தராசப் பெருமாள் சன்னதி. அதைச் செஞ்சி கிருஷ்ணப்ப நாயக்கர் விரிவாக்கியபோது தீட்சிதர்கள் சிலர் எதிர்த்துக் கோபுரத்திலிருந்து குதித்து உயிர்விட்டதை, 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கே வந்த ஜெசுவிட் பாதிரியார் பிமென்டா எழுதிவைத்திருக்கிறார். 'உலகின் காந்த மையம் இதுதான்' என்று யாராவது வழிகாட்டி சொன்னால் மட்டும் அன்போடு மறுத்துவிடுங்கள்.

கோயில் உச்சிவேளைக்குப் பிறகு அடைத்து மாலையில்தான் திறக்கும். முதல் முறை விருந்தினரோடு பன்னிரண்டரை மணிக்குப் போய்ப் பூட்டிய கதவைப் பார்த்தேன். இப்போதெல்லாம் புதுச்சேரியில் காலை ஆறு மணிக்குக் கிளம்பிவிடுகிறேன். எட்டரைக்குள் படகு. மதியம் சிதம்பரத்தில் சாப்பாடு, கத்தரிக்காய் கொத்சு கேட்டு வாங்குங்கள். கொஞ்சம் இளைப்பாறிவிட்டு ஐந்து மணிக்குக் கோயில், விளக்கேற்றும் நேரப் பூசையைப் பார்த்துவிட்டு இரவில் திரும்புதல்.

என் முடிவு தெற்குதான். செஞ்சியின் பிரம்மாண்டம் சிதம்பரத்தில் குறையலாம், கல்மரத்தின் வயதுக்கு முன் சுரபுன்னை நேற்றுப் பிறந்தது. ஆனால் திருவக்கரையும் செஞ்சியும் தனித்தனி வியப்புகள். ஒன்றைப் பார்த்ததால் மற்றொன்று விளங்கிவிடாது. பிச்சாவரமும் சிதம்பரமும் அப்படி அல்ல. காலையில் தில்லை மரத்தைப் பார்த்தவர், மாலையில் 'தில்லையம்பலம்' என்ற சொல் காதில் விழும்போது திரும்பிப் பார்க்கிறார். மொழி தெரியாதவரும் பார்க்கிறார். போன தை மாதம் வந்த பெண்மணி ஓதுவார் பாடும்போது அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு, "படகில் நாம் பார்த்த மரமா?" என்று என் கையைத் தொட்டுக் கேட்டார்.

மழைக்காலத்தில் இந்தத் தீர்ப்பு செல்லாது. ஐப்பசி, கார்த்திகையில் புயல் எச்சரிக்கை வந்தால் படகு ஓடாது. அப்போது கல்மரத்துக்குப் போங்கள். மழை நனைத்த கல்மரத்தில் நார் ஓட்டம் இன்னும் துலக்கமாகத் தெரியும். செஞ்சிப் படிகள் வழுக்கும், கீழ்க்கோட்டையோடு நின்றுவிடுங்கள். அடுத்த மாதம் தம்பியின் மகள் வருகிறாள், புவியியல் படிக்கிற பெண். அவளுக்குத் திருவக்கரைதான் என்று நானே சொல்லிவிட்டேன். கையில் ஒரு பூதக்கண்ணாடி எடுத்துவரச் சொல்லியிருக்கிறேன்.